நின்றுபோன கம்பு வாள்

சனிக்கிழமைகளில், நாங்கள் குடியேறிய ஒனிஹங்கா புறநகரில், எங்கள் தெரு முழுக்க இயந்திரச் சத்தம்தான். ஒருவர் புல் வெட்டுவார், ஒருவர் வேலிச் செடியைக் கத்தரிப்பார், இன்னொருவர் காய்ந்த பனையோலையை இறக்குவார். நான் குசினி மேசையில் தேநீரோடு உட்கார்ந்திருப்பேன். அந்தச் சத்தங்களில் ஏதாவது ஒன்று சட்டென்று நின்றுபோனால், கோப்பையைத் தூக்கிய கை அப்படியே நின்றுவிடும். அது மறுபடி ஓடத் தொடங்கும்வரை என்னால் ஒரு வாய் விழுங்க முடியாது. என் மனைவி இதைப் பார்த்துப் பழகிவிட்டாள். அவளும் கரண்டியை வைத்துவிட்டுக் காத்திருப்பாள்.

என் தொழில் கூட்டாளி இறந்த பிற்பகலில் தொடங்கிய பழக்கம் இது.

அவரை நான் அண்ணை என்று கூப்பிடுவேன், அவர் என்னைத் தம்பி என்பார். அவர் மலேசியாவில் பிறந்தவர், கிறிஸ்தவர். நான் யாழ்ப்பாணத்துக்காரன். மவுண்ட் வெல்லிங்டனில் ஒரு பொருட்கிடங்கில் இரண்டு பேரும் வேலை பார்த்தோம். கிடங்கை மூடியபோது, மற்றவர்களெல்லாம் வேறு கிடங்கு தேடிப் போனார்கள். அவர் மட்டும் ஒரு பழைய வானும் ட்ரெய்லரும் வாங்கித் தோட்ட வேலை செய்யலாம் என்றார். ஐம்பதை நெருங்குகிற வயதில் இதென்ன புதுப் பைத்தியம் என்று நான் நினைத்தேன். ஆனால் அவர் ஒன்றைச் சொன்னால் மறுப்பது கடினம். தேவாலயத்தில் பாடுகிற குரல் அவருக்கு. சாதாரணமாகப் பேசினாலே உறுதி கொடுப்பதுபோல இருக்கும்.

முதலில் புல், பிறகு வேலி. மரக்கிளைகளுக்கு ஆட்கள் அதிகம் கூப்பிடத் தொடங்கியபோது கம்பு வாள் தேவைப்பட்டது. நீண்ட அலுமினியக் குழாயின் ஒரு முனையில் பெற்றோல் எஞ்சின் இருக்கும், மறுமுனையில் சிறிய சங்கிலி வாள். ஏணி ஏறாமல் நிலத்தில் நின்றபடியே உயரத்துக் கிளையை அறுக்கலாம். நான் வாள் என்பேன், அண்ணை ரம்பம் என்பார். “வாளுன்னா என்னா தம்பி, சண்டைக்கா போறோம்?” என்று ஒவ்வொரு முறையும் கேட்டுவிட்டு அவரே சிரிப்பார்.

சில வருடங்களில் எங்களிடம் மூன்று கம்பு வாள்கள் சேர்ந்துவிட்டன. மூன்றுக்கும் மூன்று குணம். வானில் போகும்போதும் வரும்போதும் எங்களுக்கு அதே பேச்சு. வீட்டுக்கு வந்த மருமக்களை ஒப்பிடுகிற மாமிமாரைப்போல ஒவ்வொன்றின் குறையையும் நிறையையும் அலசுவோம்.

மலிவானது ஒன்றிருந்தது, பெரிய கடையில் பெட்டியோடு வாங்கியது. முதல் கோடை முழுவதும் குறை சொல்ல முடியாமல் ஓடியது. அடுத்த கோடையில் பெற்றோலை ஏற்ற அழுத்துகிற ரப்பர் குமிழ் வெடித்தது. குழாய்கள் இணைகிற இடம் தளர்ந்து, வெட்டும்போது தலை ஒரு பக்கம் திரும்பிக்கொண்டது. சங்கிலிக்குப் போடுகிற எண்ணெய் எப்படியோ ஒழுகி, வானில் இருந்த கையுறை, மழைச்சட்டை, அண்ணையின் சாப்பாட்டுப் பை எல்லாவற்றையும் நனைத்தது. குளிர்காலத்தில் நான்கு மாதம் சும்மா வைத்துவிட்டு எடுத்தால், பழைய பெற்றோல் கார்புரேட்டருக்குள் பிசினாய் உறைந்திருக்கும்.

இரண்டாவது விலைகூடியது. அது என் தெரிவு. இலேசானது, அதிர்வு குறைந்தது, காலையில் முதல் இழுப்பிலேயே ஓடும். ஆனால் சூடேறியபிறகு ஒருமுறை நிறுத்திவிட்டால் கதை முடிந்தது. நாம் தேநீர் குடித்து, வெட்டிய கிளைகளை ட்ரெய்லரில் ஏற்றி முடித்து வரும்வரை அது மனம் இரங்காது. அதைச் சரிபார்க்கவும் கடைக்காரரின் கணினி வேண்டும். திருகாணியைத் திருப்பிப் பழகிய என் கைக்கு அதில் வேலையே இல்லை.

மூன்றாவது, அண்ணையின் செல்லம். ஒரு விவசாயியிடம் இருந்து பழையதாக வாங்கியது. பாரமானது, புகை கக்கும், கூடவே வெட்டும் பலமும் உள்ளது. அதற்கு ஒரே ஒரு நோய். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போது, எந்தக் காரணமும் இல்லாமல், விக்கல் ஒன்றும் இல்லாமல் நின்றுவிடும். கீழே இறக்கி வைத்து, எஞ்சினைக் கிளப்புகிற கயிற்றை இழுத்தால் உடனே ஓடும். பெற்றோல் குறைந்து நிற்கிற எஞ்சின் முதலில் தடுமாறும், வேகம் ஏறி இறங்கும். இது அப்படியல்ல. விளக்கை அணைத்ததுபோல நிற்கும். நான் ஸ்பார்க் பிளக்கை மாற்றினேன், பெற்றோல் வடிகட்டியை மாற்றினேன், குழாயை மாற்றினேன், கடைசியில் தீப்பொறி தருகிற சுருளையும் மாற்றினேன். மாற்றி முடித்து எங்கள் கராஜில் மேசைமேல் கிடத்தி ஓட்டினால் மணிக்கணக்கில் ஓடும். நான் தோட்டத்தில் பிடித்து வெட்டினாலும் ஓடும். அண்ணையின் கையில்தான் நிற்கும்.

“என்கிட்ட மட்டும்தான் மொறைக்குது,” என்பார் அவர். அதில் அவருக்கு ஒரு பெருமைகூட இருந்ததென்று நினைக்கிறேன்.

அண்ணையைப்பற்றி இன்னொன்றும் சொல்லவேண்டும். அவர் அளவுக்குக் கவனமான மனிதரை நான் பார்த்ததில்லை. கிளை அறுப்பதற்கு முன்னால் மரத்தை ஒரு சுற்றுச் சுற்றிவருவார். கிளை எங்கே விழும் என்று பார்த்து, அந்த இடத்தைச் சுற்றிச் செம்மஞ்சள் நிறக் கயிறு ஒன்றைப் புல்லில் போடுவார். அதன்பிறகு அந்தக் கயிற்றுக்குள் நான் கால் வைத்தால் எஞ்சினை நிறுத்திவிட்டு நான் வெளியே வரும்வரை பேசாமல் நிற்பார். ஒருமுறை வீட்டுக்காரரின் பூனை உள்ளே வந்து படுத்துக்கொண்டது. அதைத் தூக்கிக்கொண்டுபோய் வீட்டுக்குள் விட்டுக் கதவைச் சாத்திவிட்டு வந்துதான் வேலையைத் தொடர்ந்தார்.

அவர் இறந்த அன்று நாங்கள் வேலைக்குப் போன வீடு பிளாக்ஹவுஸ் பேயில், கடலுக்கு இறங்குகிற சரிவில் இருந்தது. ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் தனியாக இருந்தார், வெள்ளைக்காரர். பின்தோட்டத்தின் கோடியில் பெரிய மக்ரோகார்ப்பா மரம். காற்றைத் தடுக்க யாரோ எந்தக் காலத்திலோ நட்டது, கருத்த ஊசியிலையோடு வீட்டையே மூடியதுபோல நின்றது. தாழ்ந்த கிளைகளை மட்டும் எடுத்துவிடுங்கள், சமையலறைக்குக் கொஞ்சம் வெளிச்சம் வரட்டும் என்று அந்த அம்மா கேட்டிருந்தார்.

விலைகூடிய வாளால் காலையில் வேலை செய்தோம். மதியச் சாப்பாட்டுக்காக நிறுத்தினோம், அது வழக்கம்போல மறுபடி ஓட மறுத்தது. அண்ணை வானிலிருந்து பழையதை எடுத்துக்கொண்டு பின்னால் போனார். நான் முன்பக்கத்தில் கிளைகளைத் துண்டுபோட்டு ட்ரெய்லரில் அடுக்கிக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு அந்தப்புறத்தில் பழைய எஞ்சின் உறுமுவது கேட்டது. சங்கிலி மரத்தைத் தொட்டதும் சத்தம் கனத்தது. தென்மேற்கிலிருந்து காற்று வந்தது, ஈரச் சேற்று மணத்தோடு.

எஞ்சின் நின்றது.

நான் தலையை நிமிர்த்தவில்லை. திரும்பவும் முறைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். இறக்கிவைத்துக் கயிற்றை இழுப்பார், ஓடும். அந்தச் சத்தத்துக்காகக் காது தானாகவே காத்திருந்தது. அது வரவில்லை. அதற்குப் பதிலாக, காற்று ஒருமுறை வேகமாக அடித்தபோது, மரம் முறிகிற சத்தம் வந்தது. அதன்பிறகு சமையலறைக்குள் இருந்து அந்த ஆசிரியை கூப்பிடுகிற குரல்.

நான் ஓடிப்போய்ப் பார்த்ததை இங்கே எழுதப் போவதில்லை. அவர் கயிற்றுக்கு உள்ளே இருந்தார் என்பதை மட்டும் சொல்லவேண்டும். தானே போட்ட கயிற்றுக்குள், பாதி அறுத்த கிளையின் நேர் கீழே.

வேலைத்தல விபத்துகளை விசாரிக்கிறவர்கள் வந்தார்கள். பண்பானவர்கள். என்னிடம் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்கள். அந்த வாள் இடையிடையே நிற்கும் என்று நான் சொன்னேன். வாளைத் தங்களோடு கொண்டுபோனார்கள். பல மாதங்கள் கழித்து முடிவு வந்தது. இயந்திரத்தைப் பலமுறை ஓட்டிப் பார்த்தோம், எந்தக் கோளாறும் இல்லை, இறந்தவர் பாதி வெட்டப்பட்ட கிளையின் கீழே, ஆபத்தான இடத்துக்குள் தானாகவே நுழைந்திருக்கிறார் என்று அதில் இருந்தது. வாளையும் திருப்பித் தந்துவிட்டார்கள்.

என்மேல் யாரும் குற்றம் சொல்லவில்லை, நானும் என்மேல் குற்றம் சொல்லிக்கொள்ளவில்லை. ஆனால் அந்தச் சத்தம் என்னைவிட்டுப் போகவில்லை. எஞ்சின் நின்றதற்கும் மரம் முறிந்ததற்கும் இடையில் இருந்த அமைதியைத்தான் சொல்கிறேன். வேலைக்குப் போகிற இடங்களில் பக்கத்து வளவில் யாராவது எஞ்சினை நிறுத்தினால் நான் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வேலிக்கு மேலால் எட்டிப் பார்ப்பேன். அங்கே ஒருவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு நிற்பார், என்னைப் பார்த்துக் கையை அசைப்பார். நானும் அசைப்பேன்.

திரும்பி வந்த வாளைக் கராஜின் மூலையில் சாத்தி வைத்தேன். எறியவும் முடியவில்லை, தொடவும் முடியவில்லை. ஒருநாள் அடக்க முடியாமல் எடுத்து, புதிதாகப் பெற்றோல் கலந்து ஊற்றி, மேசையில் கிடத்திக் கயிற்றை இழுத்தேன். முதல் இழுப்பிலேயே ஓடியது. எவ்வளவு நேரம் விட்டாலும் நிற்கவில்லை. அடுத்த வாரமும் செய்து பார்த்தேன். அதற்கடுத்த வாரமும். அண்ணை இருந்த காலத்தில் அத்தனை குழப்பம் செய்த இயந்திரம், அவர் போனபிறகு ஒரு பாவமும் அறியாததுபோல ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தும் பொத்தானை நான் அழுத்தினால்தான் நின்றது. நின்றபிறகு கராஜுக்குள் புகை தங்கியிருக்கும். அதற்குள் யாரோ இருப்பதுபோலத் தோன்றும். நான் திரும்பிப் பார்ப்பேன்.

ஒருநாள் மனைவி கராஜ் கதவருகே வந்து நின்றாள்.

“இனி இதை ஓட்டாதேங்கோ,” என்றாள். “இந்தச் சத்தம் கேட்டால் அண்ணை பின்னால வந்து நிக்கிற மாதிரிக் கிடக்கு. நான் ரெண்டு தரம் தேத்தண்ணிக்கு ஒரு கோப்பை கூடுதலா எடுத்து வச்சிட்டன்.”

அதன்பிறகு நான் அதை ஓட்டவில்லை.

அண்ணையின் மனைவி ஒரு முதியோர் இல்லத்தில் தாதியாக வேலை செய்கிறார். அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். விசாரணை முடிவு வந்தபிறகு அவர் எங்கள் வீட்டுக்கு வருவது குறைந்துபோனது. தேவாலயத்தில் யாரோ, அவசரப்பட்டுவிட்டார் பாவம் என்று அவர் காதுபடச் சொன்னார்களாம். இங்கேயே பிறந்து வளர்ந்த மகள் அப்பாமேல் கோபமாக இருக்கிறாள் என்று என் மனைவி சொன்னாள். எல்லோருக்கும் பாதுகாப்புச் சொல்லிக் கொடுத்துவிட்டுத் தான் ஏன் உள்ளே போனார் என்று ஆங்கிலத்தில் கத்திவிட்டு அழுதாளாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து நேரே எங்கள் வீட்டுக்கு அக்கா வந்தார். நல்ல சேலையோடு, கைப்பையைக்கூட வைக்காமல், அந்த ரம்பத்தைப் பார்க்கவேண்டும் என்றார். நான் தயங்கினேன். அவர் கராஜ் வாசலிலேயே நின்றுகொண்டார். வேறு வழியில்லாமல் எடுத்துக் காட்டினேன். அவர் அதைத் தொடவில்லை. தலையிலிருந்து அடிவரை பார்த்தார்.

“இவ்ளோ நீட்டா இருக்கும்னு நான் நெனைக்கல,” என்றார். பிறகு, “அவரு கயித்த தாண்ட மாட்டாரு தம்பி. வீட்டுல மாடிப்படில ஒரு பேனா கெடந்தாக்கூட எல்லாரையும் நிறுத்திட்டு அத எடுத்துட்டுத்தான் விடுவாரு. அப்படிப்பட்ட ஆளு ஏன் உள்ள போனாரு?”

“எனக்கும் விளங்கேல்லை அக்கா,” என்றேன்.

“அவரு எப்படி நின்னாருன்னு காட்டுங்க. ஒரு தடவ பாத்துக்கிறேன்.”

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் தலையசைத்தாள். வாளைப் பின்வளவுக்குக் கொண்டுபோனேன். மத்தியான வெயில், உலர்த்தப் போட்ட துணிகள், எலுமிச்சை மரம், வேலிக்கு அந்தப்பக்கம் யாரோ வானொலி கேட்டுக்கொண்டிருந்தார்கள். சங்கிலியைக் கழற்றிவிட்டு எஞ்சினை ஓட்டினேன். பட்டியைத் தோளில் மாட்டி, வலது கையால் விசையைப் பிடித்து, இடது கையை முன்னால் கொடுத்து, இல்லாத ஒரு கிளையை நோக்கிக் குழாயை உயர்த்தினேன். எஞ்சின் ஒழுங்காக ஓடியது. அப்படியே சற்று நேரம் நின்றேன். இதைத்தான் அவர் பார்க்க வந்தாரா என்று எனக்குத் தெரியவில்லை. கூச்சமாகவும் இருந்தது.

அக்கா என்னைச் சுற்றி ஒரு பக்கமாக வந்தார். சத்தத்துக்கு மேலால் உரக்கச் சொன்னார்.

“அப்படி இல்ல தம்பி. அவரு பீச்சாங்கை.”

எனக்கு அது தெரியும். கூட வேலை செய்த காலம் முழுவதும் அவர் இடது கையால் எஞ்சின் கயிற்றை இழுப்பதைப் பார்த்திருக்கிறேன். இடது கையால் கரண்டி பிடிப்பதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அதை அப்படி ஒருபோதும் யோசித்ததில்லை. கையை மாற்றினேன். இடது கையில் விசை, வலது கை முன்னால். அப்படிப் பிடிக்கும்போது கைப்பிடி வசதியாக அமையவில்லை. வலது கைக்காரருக்காகச் செய்த பிடி அது. மணிக்கட்டை உள்ளே திருகினால்தான் விசை விரலுக்கு எட்டியது. திருகிப் பிடித்துக்கொண்டு குழாயைச் செங்குத்தாக உயர்த்தினேன்.

எஞ்சின் நின்றது.

விளக்கை அணைத்ததுபோல. பக்கத்து வீட்டு வானொலி திடீரென்று தெளிவாகக் கேட்டது. கயிற்றில் துணி ஒன்று அசைந்தது. நான் கையை அசைக்கவில்லை. எத்தனையோ நாட்களாக எனக்குள்ளே கேட்டுக்கொண்டிருந்த அந்த அமைதி, இப்போது வெளியே, எங்கள் மூன்று பேரையும் சுற்றி இருந்தது. என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள்.

அக்காதான் முதலில் பேசினார். மிக அமைதியாகக் கேட்டார், நோயாளியிடம் எங்கே வலிக்கிறது என்று கேட்பதுபோல.

“இப்ப அவரு என்ன செய்வாரு?”

“வாள் வெட்டுக்குள்ள இறுகியிருக்கும் அக்கா. எஞ்சின் நிண்டால் தானாக வெளியில வராது. கம்பு முழுக்கக் கிளையில தொங்கும். காத்துக்கு ஆடும்.”

“அப்புறம்?”

“கிட்டப்போய் நேராக மேல தள்ளினால்தான் கழரும்.”

“கிட்டன்னா? கயித்துக்கு உள்ளயா?”

“ஓம்.”

அவர் புல்லில் உட்கார்ந்துவிட்டார். நல்ல சேலை என்று என் மனைவி எதையோ விரிக்க ஓடினாள். அக்கா வேண்டாம் என்று கையைக் காட்டினார். அழுதார், ஆனால் நாங்கள் பயந்ததுபோல இல்லை. நெடுநேரம் பாரம் தூக்கி நடந்தவர் இறக்கி வைத்துவிட்டு மூச்சு வாங்குவதுபோல இருந்தது.

அவர் போனபிறகு கைப்பிடியைக் கழற்றினேன். நிறுத்தும் பொத்தானிலிருந்து எஞ்சினுக்குப் போகிற மெல்லிய வயர், கைப்பிடியின் கவ்விக்குள்ளால் அலுமினியக் குழாயை ஒட்டிப் போகிறது. கவ்வியின் ஓரம் காலப்போக்கில் அந்த வயரின் உறையைத் தேய்த்துவிட்டிருந்தது. நகத்தின் அகலத்துக்குச் செம்பு வெளியே தெரிந்தது. மேசையில் கிடத்தினால் அது குழாயைத் தொடாது. வலது கையால் பிடித்தாலும் தொடாது. இடது கையால் திருகிப் பிடித்து நிமிர்த்தினால் மட்டும் தொடும். தொட்டால் பொத்தானை அழுத்தியது போலத்தான். நான் சுருளையும் வடிகட்டியையும் மாற்றி மாற்றிப் பார்த்த காலமெல்லாம் கைப்பிடியைத் திறந்து பார்க்கவே தோன்றவில்லை. விசாரிக்க வந்தவர்களும் மேசையில் கிடத்தித்தான் ஓட்டியிருக்கிறார்கள்.

மறுநாள் அவர்களைத் தொலைபேசியில் அழைத்தேன். முன்பு வந்தவரே வந்தார், கூட இன்னொருவர். பின்வளவில் நான் செய்துகாட்டினேன். எஞ்சின் நின்றபோது இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அந்த அதிகாரி தானே வாங்கி, இடது கையில் பிடித்து, திரும்பத் திரும்ப உயர்த்திப் பார்த்தார். படங்கள் எடுத்தார்கள். தாங்கள் இதைத் தவறவிட்டுவிட்டோம் என்று அவர் நேரடியாகவே சொன்னார். அதை நான் எதிர்பார்க்கவில்லை. வாளைத் தங்களோடு கொண்டுபோனார்கள். நான் திருப்பிக் கேட்கவில்லை.

முடிவைத் திருத்தி எழுதினார்கள். வேலையின் நடுவில் இயந்திரக் கோளாறால் எஞ்சின் நின்றதாகவும், இறுகிய வாளை விடுவிக்கப்போன இடத்தில் காற்றால் கிளை முறிந்ததாகவும் இப்போது இருக்கிறது. அக்கா அதை மகளுக்கு வாசித்துக் காட்டியபோது நானும் அங்கே இருந்தேன். மகள் இருபது வயதுப் பெண், தமிழ் விளங்கும், ஆனால் பேச வராது. கேட்டு முடித்ததும், அப்போ அப்பா கவனக்குறைவாக இருக்கவில்லை, அப்படித்தானே என்று ஆங்கிலத்தில் கேட்டாள். அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, “இல்லம்மா, கவனமாத்தான் இருந்தாரு” என்றார். அந்தப் பெண் எழுந்து தன் அறைக்குப் போனாள். கதவு சாத்துகிற சத்தம் கேட்கவில்லை. நெடுநேரம் கழித்து வெளியே வந்து, அப்பாவின் பழைய வேலைச் சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு எங்களோடு சாப்பிட உட்கார்ந்தாள்.

காரணம் தெரிந்தால் அந்தச் சத்தம் என்னைவிட்டுப் போய்விடும் என்று நினைத்திருந்தேன். போகவில்லை. முன்பு அது ஏன் என்ற கேள்வியாக வரும். இப்போது ஒரு கேள்வியும் இல்லாமல் வருகிறது. நான் இப்போது பட்டரியில் ஓடுகிற கம்பு வாள் வைத்திருக்கிறேன். பெற்றோல் இல்லை, கயிறு இல்லை, புகை இல்லை. விரலை எடுத்தால் ஒரு சத்தமும் இல்லை. என்னோடு வேலை செய்யும் ஃபிஜி நண்பர் இதைவிட நல்ல இயந்திரம் இல்லை என்கிறார். மற்ற எல்லாவற்றிலும் அவர் சொல்வது சரிதான். ஆனால் ஓடுகிறதா நிற்கிறதா என்று வீட்டின் மறுபக்கத்தில் இருந்து அறிய முடியாத இயந்திரம் எனக்கு ஆகாது. அதனால் விரலை எடுக்கும்போதெல்லாம் மற்றவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும் என்று ஒரு ஒழுங்கு வைத்திருக்கிறோம். முதலில் அவர் சிரித்தார். காரணத்தைச் சொன்னேன். இப்போது என்னைவிட அவர்தான் உரக்கக் கூப்பிடுகிறார்.

சென்ற இலையுதிர்காலத்தில் அக்கா அந்தத் தோட்டத்தைப் பார்க்கவேண்டும் என்றார். அதுவரை அவர் அங்கே போனதில்லை. நான் ஆசிரியையை அழைத்துக் கேட்டேன். வாருங்கள் என்றார்.

வான் பிளாக்ஹவுஸ் பே கடைத்தெருவைக் கடந்து சரிவில் இறங்கியது. அந்த அம்மா முன்பைவிட மிகவும் மெலிந்திருந்தார். இரண்டு பெண்களும் வாசலில் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நாங்கள் பின்னால் போனோம். மக்ரோகார்ப்பா இல்லை. மரத்தை வெட்டுகிற பெரிய ஆட்களைக் கூப்பிட்டு அடியோடு எடுத்துவிட்டதாக அந்த அம்மா சொன்னார். அடிக்கட்டையையும் அரைத்து மண் போட்டிருந்தார்கள். அதில் புல் இன்னும் சரியாகப் பிடிக்கவில்லை, மற்ற இடத்தைவிடப் பசுமை குறைந்து வட்டமாகத் தெரிந்தது. அக்கா அந்த வட்டத்தின் ஓரத்தில் நின்றார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார், உதடு அசைந்தது. நான் வீட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பிறகு சமையலறையில் தேநீர் கொடுத்தார் அந்த அம்மா. பட்டப்பகலில் அங்கே மின்விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பெரிய ஜன்னலின் திரை முழுவதும் கீழே இறக்கியிருந்தது. அக்கா அதைப் பார்ப்பதைக் கண்டுவிட்டு அவராகவே சொன்னார். மரம் போனபிறகு ஜன்னலில் துறைமுகம் முழுவதும் தெரிகிறதாம். இந்த வீட்டுக்கு வந்த நாள் முதல் அதற்கு ஆசைப்பட்டவர் அவர். இப்போது பார்க்க மனம் வரவில்லை, ஒருநாள்கூடத் திரையைத் தூக்கியதில்லை என்றார்.

அக்கா கோப்பையை வைத்துவிட்டு எழுந்தார். கேட்கவில்லை. ஜன்னலுக்குப் போய், திரையின் கயிற்றைப் பிடித்து, மெல்ல மெல்ல மேலே இழுத்தார். வெளிச்சம் மேசையில் ஏறி எங்கள் கைகளில் விழுந்தது. அந்த அம்மா கண்ணைச் சுருக்கினார். கடல் ஏறி நீர் நிறைந்திருந்த நேரம். மானுகாவ் துறைமுகம் சாம்பலும் வெள்ளியுமாகக் கிடந்தது. எதிர்க்கரையில் விமான நிலையம். ஒரு விமானம் தண்ணீருக்கு மேலால் மிகத் தாழ்வாக, ஆடாமல் அசையாமல் இறங்கிக்கொண்டிருந்தது.

அக்கா அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். சக்கரங்கள் தரையைத் தொட்டபிறகு என் பக்கம் திரும்பினார்.

“நாங்க மொத மொத இந்த நாட்டுக்கு வந்தப்போ இந்தப் பக்கமாத்தான் எறங்கியிருப்போம் இல்ல தம்பி? அவருதான் ஜன்னல் சீட்டு. நான் தூங்கிட்டேன்.”

அவர் என்ன சொன்னார் என்று அந்த அம்மா என்னிடம் கேட்டார். நான் ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் எழுந்து, இன்னொரு நாற்காலியை ஜன்னலருகே இழுத்துப் போட்டார். அடுத்த விமானம் வரும்வரை இரண்டு பேரும் அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள்.